சறுக்குப் பலகைக்கு ஒரு வக்காலத்து

வக்கீல்களில் இரண்டு வகை உண்டு. கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, கட்சிக்காரர் கேட்டுக்கொண்ட பிறகு, அவருக்காகப் பேசுகிறவர்கள் ஒரு வகை. இவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. நீதிபதி முறைத்தால் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொரு வகைக்கு அங்கி கிடையாது, கட்சிக்காரர் கிடையாது, முறைக்க நீதிபதி கிடையாது, உட்காருகிற பழக்கமும் கிடையாது. யாரும் கேட்காமலே ஊரார் எல்லோருக்காகவும் வக்காலத்து வாங்குகிற இந்த இரண்டாம் வகையைத்தான் இங்கே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்த்து, "எங்க வலிக்குது?" என்பார். "முதுகுலதான் டாக்டர், கீழ் முதுகு, ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல" என்று மளமளவென்று பதில் வரும். பதில் சொன்னது கூட வந்தவர். நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பார். இந்த இனத்துக்கு இரண்டு கூவல்கள் உண்டு. ஒன்று, "நான் எனக்காகப் பேசலைங்க." இது தூரத்திலிருந்தே கேட்கும்; ஓட நினைக்கிறவர்கள் ஓடிவிடலாம். இன்னொன்று, "அவங்க சொல்ல வர்றது என்னன்னா." இதைக் கேட்டுவிட்டால், சொல்ல வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். அவருக்கு இனி அங்கே வேலை இல்லை.

நம்முடைய ஆள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கடைத்தெருவில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வக்காலத்து என்றால்தான் தெரியும். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, கனமான இரும்புச் சட்டத்தை மூக்கின் மேல் ஏற்றி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முந்தினதா?" என்று கேட்பார். உட்கார்ந்திருக்கிறவர் வாயைத் திறப்பதற்குள், "முந்தினதுதான். இதுல ஓரமெல்லாம் மங்கலா தெரியுது உங்களுக்கு" என்று தானே சொல்லித் தானே எழுதிக்கொள்வார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் வக்காலத்துக்குத் தெளிவாகத் தெரிந்ததைத்தான் தங்கள் மூக்கில் மாட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவருக்கு யாருடைய கஷ்டம் காதில் விழுந்தாலும் நாக்கு அரிக்கத் தொடங்கிவிடும். உண்மையாகவே கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு, கஷ்டப்பட்டவரை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, அவருடைய கஷ்டத்தை அவரைவிட நன்றாகப் பேசுவார்.

வீட்டில் மனைவி, மகள். மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. நாளெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியவர். ஆகையால் உலகத்தில் எதையும் பொறுமையாகப் புரிந்துகொள்ள முடியும் என்று நம்புகிறவர். மகள் கல்லூரியில் முதல் வருஷம். அதிகம் பேசாத பெண் என்று பெயர். அந்த வீட்டில் அதிகம் பேச இடம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஸ்கேட்போர்டு மேல் பைத்தியம். நாலு சக்கரம் வைத்த இரண்டு முழப் பலகை. அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, இவளும் கூட்டாளிகள் நாலைந்து பேரும், நூலகத்து வாசலில் படிக்கட்டு ஓரமாகச் சாயங்காலங்களில் பறந்துகொண்டிருந்தார்கள். காவலாளி விரட்டினார். பிறகு படிக்கட்டு விளிம்பெல்லாம் பலகை ஓடாதபடி இரும்புக் குமிழ்கள் முளைத்தன. கடைத்தெருப் பின்பக்கம் போனார்கள், ஜல்லி. ஒரு பெண் விழுந்து முழங்கை உரிந்துபோனாள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் சொன்னாள்:

"விளையாட இடமே இல்லப்பா. பெருசா ஒண்ணும் வேணாம். வழவழன்னு ஒரு சிமெண்ட் தரை, ரெண்டு பக்கம் கொஞ்சம் சரிவு. அது போதும் எங்களுக்கு."

வக்காலத்தின் கை தட்டில் அப்படியே நின்றது. மூக்கு விடைத்தது. கண் தூரத்தில் எங்கேயோ நிலைத்தது.

மனைவி மகளைப் பார்த்தார். "ஏண்டி, இவர்கிட்டயா சொன்னே?" என்றார் மெதுவாக.

வில்லிலிருந்து அம்பு போய்விட்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகராட்சிக்குச் சொந்தமான மனை ஒன்று, புதரும் உடைந்த குழாய்களுமாகக் கிடந்தது. மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன் வக்காலத்து அங்கே போய், இடுப்பில் கை வைத்து நின்று, நாலு திசையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஊண் உறக்கம் இல்லை. கடையில் கண்ணாடி வாங்க வந்தவர்கள் ஸ்கேட் பார்க்கின் அவசியம் பற்றி அறியாமல் வெளியே போக முடியவில்லை. மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறவர் எங்கே ஓடுவார்? இளைஞர்களின் உடல்நலம், கைப்பேசி மோகம், மூளைக்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்பு, விழுந்து எழுவதன் தத்துவம் என்று வரிசையாக இறக்குவார். இறக்கி முடித்ததும் கையெழுத்துத் தாளை நீட்டுவார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவற்றில் சில தாளுக்கு வெளியே மேஜையில் விழுந்தன.

மகள் இரண்டு முறை அருகில் வந்தாள்.

"அப்பா, அந்தத் தரை எப்படி இருக்கணும்னா..."

"கண்ணு, நீ சொல்ல வர்றது அப்பாவுக்குத் தெரியாதா? நீ போய்ப் படி. நான் பார்த்துக்கறேன்."

மூன்றாவது முறை அவள் வரவில்லை.

பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் குடியிருப்போர் கூட்டம் கூட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு; பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை, அந்த வட்டத்தின் கவுன்சிலர் அம்மா. நல்ல பெண்மணி, யாரும் சண்டை போடாமல் கூட்டம் முடிந்தால் அதுவே நல்ல முடிவு என்று கருதுகிறவர். மகளும் கூட்டாளிகளும் கடைசி பெஞ்சில் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வக்காலத்து திரை கட்டிப் படம் காட்டிப் பேசினார். பிரமாதமாகப் பேசினார். விழுந்து எழுவதன் தத்துவத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தோடு உட்கார்ந்திருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

காலை நடைச் சங்கத்தின் தலைவர், புதர் மீசைக்காரர், எழுந்தார். "எல்லாம் சரிங்க. ஆனா நாங்க நடக்கறதுக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல பாதை கூட இல்ல. வயசானவங்க ரோட்டுல உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு நடக்கறோம். அதைப் பத்தி ஒருத்தரும் பேசல."

ஒருத்தரும் பேசவில்லையாம்! வக்காலத்தின் எதிரே சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவர் நாக்கு அரித்தது.

"உட்காருங்க ஐயா, நீங்க சொல்ல வர்றதை நான் சொல்றேன்" என்று தொடங்கினார். முழங்கால் வலியோடு பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறவர்களின் வேதனையை அவர் சொல்லச் சொல்ல, மீசைக்காரருக்கே தன் முழங்கால்மேல் புதிதாக இரக்கம் பிறந்தது. "சறுக்கற பிள்ளைங்க வேகமா வந்து இவங்க மேல மோதினா? எலும்பு என்ன ஆகும்? யோசிச்சோமா நாம?" என்று தன்னையே மடக்கினார் வக்காலத்து. மடக்கிவிட்டு, சுற்றிலும் நடைபாதை என்று ஒப்புக்கொண்டார். வழுக்காத தரை என்று வாக்குக் கொடுத்தார்.

பிறகு பாட்டு டீச்சர் எழுந்தார். தன் மாணவிகளுக்கு மேடை ஏறிப் பழக இடம் இல்லை என்றார். அவருக்கும் வக்காலத்து. ஒரு மேடை. மூன்று நாய் வளர்க்கும் வரி ஆலோசகர், நாய்களுக்கு என்று இந்த ஊரில் எவன் பேசுகிறான் என்று அலுத்துக்கொண்டார். வாயில்லா ஜீவன் என்றால் கேட்க வேண்டுமா? வக்காலத்துக்கு அதைவிட வசதியான கட்சிக்காரர் ஏது? வேலி போட்ட ஓட்டத் திடல் ஒன்று. யாரோ நிழல் என்றார்கள், மரங்கள். யாரோ மரம் என்றால் தண்ணீர் என்றார்கள், நீரூற்று.

கடைசி பெஞ்சில் மகளின் கை பாதி உயர்ந்தது. "ஆங், பிள்ளைங்களும் சந்தோஷமா இருக்காங்க" என்று அதைச் சுட்டிக் காட்டினார் அப்பா. கை இறங்கிவிட்டது.

ஒரு எதிர்ப்புக் குரல் கூட இல்லை. கவுன்சிலர் அம்மாவுக்கு வாழ்நாளில் இப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை. எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். நகராட்சி இன்ஜினியர் வரைபடம் போடுவதற்குக் கிளம்பிவிட்டார்.

வரைபடம் வந்த அன்று வக்காலத்து அதைச் சாப்பாட்டு மேஜையின் மேல் விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, மகளைக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

மகள் குனிந்து பார்த்தாள். நடைபாதை. மேடை. நாய்த் திடல். நீரூற்று. மரங்கள். கல் பெஞ்சுகள்.

"எங்களுது எங்கப்பா?"

அவர் விரலை ஒரு வட்டம் சுற்றினார். அவருக்கே சட்டென்று அகப்படவில்லை. பிறகு நீரூற்றுக்கும் நாய்வேலிக்கும் நடுவே இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு சதுரம் கிடைத்தது.

"இதோ!"

"இதுல ஏதோ புள்ளி புள்ளியா போட்டிருக்கே?"

"கூழாங்கல் பதிச்ச தரை. வழுக்கவே வழுக்காது. பெரியவங்க கேட்டாங்க பாரு, பூரா இடமும் அதுதான். ஒருத்தர் கூட எதிர்க்கல, தெரியுமா? ஒருத்தர் கூட!"

மகள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வக்காலத்து மனைவியிடம் திரும்பினார். "அவளுக்கு ரொம்ப சந்தோஷம். பேச்சே வரல பாரு."

மனைவி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

"என்னங்க, அவ உங்ககிட்ட என்ன கேட்டா?"

"அவ சொல்ல வந்தது என்னன்னா..."

"சொல்ல வந்தது வேணாம். சொன்னது. அன்னைக்கு இதே மேஜையில என்ன சொன்னா? அதை மட்டும் சொல்லுங்க."

வக்காலத்து வாயைத் திறந்தார். இளைஞர்களின் உடல்நலம் வந்தது. கைப்பேசி மோகம் வந்தது. மூளையும் முழங்காலும் வந்தன. மகள் சொன்னது மட்டும் வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது ஞாபகம் இருந்தது. குரல் ஞாபகத்தில் இல்லை. திறந்த வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்கு அது புது அனுபவம். பல் வலித்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கடையை உதவிக்கு இருக்கும் பையனிடம் விடாமல் பூட்டியே விட்டார். மூடிக் கிடந்த மரச்சாமான் கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் விளையாடுவதாக மனைவி சொல்லியிருந்தார். போய் ஒரு மதில் ஓரமாக நின்றார். இத்தனை பேச்சுப் பேசியவர், மகள் அந்தப் பலகையில் ஏறி நிற்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால் நம்புவீர்களா? நம்பலாம். இந்த இனத்தில் அது சகஜம். பேசவே பொழுது போதாத இடத்தில் பார்க்க எங்கே பொழுது?

அவள் ஓடி வந்து ஏறினாள். பலகை அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சின்ன மேட்டில் ஏறித் திரும்பும்போது சக்கரம் ஒரு கல்லில் மாட்டி, பலகை நிற்க, அவள் மட்டும் பறந்து போய் விழுந்தாள். மிளகு அளவுக் கல். வக்காலத்து அந்தக் கல்லைப் பார்த்தார். கூழாங்கல் தரை அவர் கண்முன் வந்தது.

அப்போது அந்தக் கட்டடத்துக் காவலாளி தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு இங்க வந்தீங்க? கிளம்புங்க, கிளம்புங்க!"

வக்காலத்தின் கால் முன்னால் போய்விட்டது. நாக்கு நுனியில் 'நான் எனக்காகப் பேசலைங்க' வந்து நின்றது. அதற்குள் மகள் முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காவலாளியிடம் நேராகப் போனாள்.

"அண்ணே, ஒருத்தரையும் கேக்கல, தப்புதான். இருட்டற வரைக்கும் விடுங்க. போகும்போது இந்த இடம் பூரா பெருக்கிட்டுப் போயிடறோம். நேத்து யாரோ பாட்டில் உடைச்சுப் போட்டிருக்காங்க, அதையும் அள்ளிடறோம். ஏதாவது ஒண்ணு உடைஞ்சா நாளைலேர்ந்து வரமாட்டோம்."

காவலாளி தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு யோசித்தார். "பெருக்கறதை ஒழுங்கா பெருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன் மகள் சேர்ந்தாற்போல் இத்தனை வாக்கியம் பேசி வக்காலத்து கேட்டதில்லை. மதில் ஓரத்திலிருந்து வெளியே வந்தார். அவள் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்." அந்த மிளகுக் கல்லைக் காலால் ஓரம் தள்ளினார். "கண்ணு, அந்த வரைபடத்துல தப்பு நடந்துபோச்சு. நாளன்னிக்கு நகர்மன்றத்துல ஓட்டுக்கு விடறாங்க. அப்பா என்ன பண்ணணும்? சொல்லு, என்ன வேணாலும் பேசறேன்."

"பேசாம இருக்கணும்பா."

"அவ்வளவுதானா?"

"உங்களால முடியுமா?"

நியாயமான கேள்வி. அவர் பக்கத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

நகர்மன்றக் கூட்டத்துக்கு நடைச் சங்கம் சீருடையோடு வந்திருந்தது. பாட்டு டீச்சர் மாணவிகளோடு வந்திருந்தார். கவுன்சிலர் அம்மா, "எல்லாருக்காகவும் பேசற நம்ம..." என்று வக்காலத்தை அழைத்தார். கைத்தட்டல். அவர் எழுந்து, மைக்கைக் கையில் வாங்கினார். மைக் கையில் இருக்கிறது. எதிரே கூட்டம் இருக்கிறது. தொண்டையில் பேச்சு இருக்கிறது. தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறவன் கையில் தண்ணீர்ப் பானையைக் கொடுத்து, பக்கத்து ஆளிடம் கொடு என்றால் எப்படி இருக்கும்?

"இந்த வரைபடம் தப்பு. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார். "என் பொண்ணு பேசுவா."

உட்கார்ந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாசம் பாதி, பாதுகாப்பு பாதி.

மகள் நல்ல பேச்சாளி ஒன்றும் இல்லை. முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றது. வக்காலத்தின் உதடு அந்த வார்த்தையை உச்சரித்தது; மனைவி கிள்ளினார். பிறகு அவளுக்குக் குரல் வந்தது. பலகையைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைக் காட்டினாள். இத்தனூண்டு சக்கரம் கூழாங்கல்லில் ஓடாது, விழுந்தால் பல் போகும் என்றாள். வேண்டியது வழவழப்பான தரை, இரண்டு பக்கம் சரிவு, மழைத் தண்ணீர் வடிய வழி, ஒரு விளக்கு. பாதி மனை போதும்.

"சத்தம் வருமா வராதா?" என்று மீசைக்காரர் எழுந்தார்.

"வரும்" என்றாள். வக்காலத்து கண்ணை மூடிக்கொண்டார். "தடதடன்னு வரும். ராத்திரி எட்டு மணியோட நிறுத்திடுவோம். காலைல நீங்க அந்தத் தரையிலேயே நடக்கலாம். காலைல நாங்க எந்திரிக்கவே மாட்டோம்."

சபை சிரித்தது. மீசைக்காரர் சிரிக்கவில்லை. "கொடுத்த வாக்கு என்ன ஆச்சு?" என்று வக்காலத்தைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நெற்றியில் வியர்வை ஓடியது. பாட்டு டீச்சர் எழுந்து, மேடைக்கு அடுத்த வருஷம் காத்திருக்கத் தயார், ஆனால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். அவர் வக்காலத்து இல்லாமலே தன் காரியத்தை முடித்துக்கொண்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. வாக்கெடுப்பில் பிள்ளைகளின் பக்கம் ஒரே ஒரு கை அதிகம் தூக்கியிருந்தது. ஒரு கூட்டம் சந்தோஷமாகவும் ஒரு கூட்டம் முகத்தைத் தூக்கிக்கொண்டும் போயின. கவுன்சிலர் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. மீசைக்காரர் அன்றோடு கண்ணாடிக் கடையை மாற்றிக்கொண்டார்.

தரை போட்டாயிற்று. உடைந்த குழாய்கள் போய், சாம்பல் நிறத்தில் பளபளவென்று, சின்ன அலை எழுந்து நின்றுவிட்ட மாதிரி இரண்டு சரிவுகள். சாயங்காலத்தில் தடதட என்று சத்தம் வரத்தான் செய்கிறது. வக்காலத்து கடையை அடைத்துவிட்டு அங்கே போய் உட்காருகிறார். பேசுவதில்லையா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. புதிதாக வந்து நிற்கிற யாரிடமாவது, "அந்தப் பொண்ணு இப்போ என்ன நினைக்கிறான்னா..." என்று ஆரம்பிக்கிறார். மகள் சரிவின் உச்சியிலிருந்து, "அப்பா!" என்கிறாள். நிறுத்திக்கொள்கிறார். நிறுத்திக்கொள்கிற அளவுக்கு வந்திருக்கிறாரே, அது பெரிய விஷயம். புலி புல்லைத் தின்னாவிட்டாலும், தட்டில் வைத்தால் முகர்ந்தாவது பார்க்கிறது.

நீங்கள் சிரித்தது போதும். நேற்று மாடியில் ஏறும்போது எதிர்வீட்டுக்காரர் உங்கள் பிள்ளையைப் பார்த்து, "எந்த கிளாஸ் படிக்கிறே?" என்று கேட்டாரே, பதில் சொன்னது யார்? ஜவுளிக் கடையில், "அவளுக்கு இந்த நிறம் பிடிக்காதுங்க" என்று துணியை மடிக்கச் சொன்னது யார்? அதெல்லாம் நான் இல்லை என்கிறீர்கள். சரி. இதைப் படித்து முடித்ததும், 'இது அப்படியே நம்ம வீட்டுக்காரர்தான்' என்றோ, 'நம்ம மேனேஜர்தான்' என்றோ நினைத்துக்கொண்டு, பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுக்க எழுந்திருக்கிறீர்கள் பாருங்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவருக்கு இது எப்படி இருந்தது என்பதை மட்டும் தயவுசெய்து அவரே சொல்லட்டும்.